மூச்சைக் காவல் காக்கும் நர்ஸுக்கு மேற்பயிற்சி வேண்டும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் கூலி உயர்வைப் பற்றிப் பேசினார்கள். பஞ்சப்படியைப் பற்றிப் பேசினார்கள். குடிமனைப் பட்டாவைப் பற்றிப் பேசினார்கள். நான் பேச வந்திருப்பது நர்ஸுகளின் படிப்பைப் பற்றி. "கூலிக்காரன் கூட்டத்தில் இது என்ன பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இது நம் வீட்டுப் பிரச்னை என்று நீங்களே சொல்வீர்கள்.

2017-ம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் யவத்மால் ஜில்லாவில் என்ன நடந்தது? பருத்திக் காட்டில் பூச்சிமருந்து அடிக்கப் போன விவசாயத் தொழிலாளிகளும் சிறு விவசாயிகளும் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இருபது பேருக்கு மேல் மாண்டு போனார்கள். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. தலைக்கு மேல் வளர்ந்த செடிக்குள் நின்று அன்றாடக் கூலிக்கு மருந்து அடித்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட காடுகளில் விளைந்த பருத்திதான் பேல் பேலாக நமது மில்லுக்கு வந்து இறங்குகிறது. காட்டில் நிற்பவனுக்கும் ரிங் பிரேமில் நிற்பவளுக்கும் உள்ள உறவு அந்தப் பஞ்சில் இருக்கிறது.

மருந்து தாக்கிய ஒருவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்று வையுங்கள். கண்மணி கடுகுபோலச் சுருங்கிவிட்டது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. நெஞ்சுக்குள் சளி கட்டி மூச்சு கொறகொறவென்று இழுக்கிறது. டாக்டர் அட்ரோபின் ஊசி போடச் சொல்கிறார். எவ்வளவு போடுவது? இதற்கு ஒரே அளவு என்று கிடையாது, தோழர்களே. போட்டுவிட்டுச் சில நிமிஷத்தில் பார்க்க வேண்டும். நெஞ்சு தெளியவில்லை என்றால் இரட்டிப்பாகப் போட வேண்டும். மறுபடி பார்க்க வேண்டும். நாடி ஏறியதா, நெஞ்சுச் சத்தம் நின்றதா, அக்குள் வேர்வை காய்ந்ததா என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். குறைந்தால் தன் சளியிலேயே மூழ்கிச் சாவான். கூடிப்போனால் காய்ச்சல் அடிக்கும், பிதற்றுவான், காற்றில் எதையோ பிடிக்கப் பார்ப்பான். இதற்கும் அதற்கும் நடுவே உள்ள கம்பி மேல் அவனை ராத்திரி முழுக்க நடத்திக்கொண்டு போவது யார்? டாக்டர் உத்தரவு எழுதிவிட்டு அடுத்த கேசுக்குப் போயாக வேண்டும். கட்டிலை விட்டு நகராமல் நிற்பவள் நர்ஸ்.

இரண்டாம் நாள் வருகிறது. ஆள் தேறிவிட்டான். கண் திறந்து பேசுகிறான். வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் பெண்சாதி சாமிக்குத் தேங்காய் உடைக்கப் போகிறாள். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு நாள் கழிந்து நாலு நாளுக்குள் அந்த விஷம் இரண்டாம் தடவை வேலை காட்டுவதுண்டு. இந்தத் தடவை சளியும் இல்லை, வேர்வையும் இல்லை. சத்தமில்லாமல் தசைகளைத் தளர்த்திவிடும். முதலில் தளர்வது கழுத்து. பிறகு மூச்சுத் தசை. பயிற்சி பெற்ற நர்ஸுக்கு இது தெரியும். நேரம் தவறாமல் வந்து அவள் ஒரு சின்னக் காரியம் செய்வாள். "அண்ணே, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க பார்ப்போம்" என்பாள். "ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்க" என்பாள். காலையில் இருபது வரை எண்ணியவன் சாயங்காலம் பத்தில் நின்றால், தலை தலையணையை விட்டு எழும்பவில்லை என்றால், அந்த நிமிஷமே டாக்டரை ஓடி வரச் செய்து மூச்சு எந்திரத்துக்கு ஏற்பாடு பண்ணுவாள். எந்திரம் சில நாள், சில சமயம் இரண்டு மூன்று வாரம், அவனுக்காக மூச்சு விடும். பிறகு தசைக்குப் பலம் திரும்பும், ஆள் வீடு திரும்புவான். இதை அறியாத இடத்தில் என்ன ஆகும்? "நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், விடியற்காலை போய்ப் பார்த்தால் போய்விட்டார்" என்பார்கள்.

தலையைத் தூக்கச் சொல்வதற்குக் காசு செலவில்லை, கருவி தேவையில்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதற்குப் படிப்பு வேண்டும். நான் பேச வந்த விஷயம் இதுதான்.

பாம்புக்கடியும் அப்படியே. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் செத்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மெத்தையில் படுப்பவனைவிட வெறுந்தரையில் படுப்பவனைத்தான் கட்டுவிரியன் அதிகம் தேடி வருகிறது. கடித்த இடத்தில் வலிகூடத் தெரியாது. இமை தொங்கும், கைகால் விழும், மூச்சு நிற்கும். பார்த்தால் பிணம் போலவே கிடப்பான். ஆனால் உள்ளே நினைவு இருக்கும், நாம் பேசுவது காதில் விழும்! தெரிந்த நர்ஸ் அவன் காதருகே குனிந்து, "பயப்படாதீங்க, எந்திரம் மூச்சு விடுது, கை கால் திரும்பி வரும்" என்று சொல்லிக்கொண்டே வேலை செய்வாள். தெரியாதவர்கள் கட்டில் மாட்டிலேயே நின்று "இவன் பிழைக்கமாட்டான்" என்று பேசிவிட்டுப் போவார்கள். அதையும் அவன் கேட்டுக்கொண்டுதான் கிடப்பான்.

மூச்சு எந்திரம் ஒன்று வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று மந்திரிகள் நினைக்கிறார்கள். ரிப்பன் வெட்டலாம், படம் பிடிக்கலாம். கொரோனா நாளில், 2020-ல், பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாயில் 50,000 வெண்டிலேட்டர் வாங்கப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே, பல மாநிலங்களில் அவை பழுதாகியும், ஓட்டத் தெரிந்த ஆளில்லாமலும் மூலையில் கிடப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. தறியை வாங்கி வைத்துவிட்டு நெசவாளி இல்லை என்றால் துணி வருமா?

எந்திரம் போதாமல் இருந்த காலத்துச் சங்கதி ஒன்று சொல்கிறேன். 1952-ம் ஆண்டு டென்மார்க் தேசத்தில் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சுத் தசை விழுந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் செத்துவிட்டார்கள். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுப்பது. அமுக்குவது யார்? மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் ஷிப்டு போட்டு வந்து, இரவும் பகலும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அமுக்கினார்கள். நர்ஸுகள் சளியை உறிஞ்சி, புரட்டிப் படுக்க வைத்துக் காத்தார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்று உலகம் முழுவதும் உள்ள தீவிர சிகிச்சை வார்டுகளுக்கு அதுவே பெரிய தொடக்கம் என்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். அந்த வார்டை உண்டாக்கியது விலையுயர்ந்த எந்திரமல்ல, ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள் என்ற ஏற்பாடுதான்!

இப்போது படிப்புக்கு வருவோம். நமது நாட்டில் மூன்று வருஷ டிப்ளமோவோ நாலு வருஷ பி.எஸ்ஸி.யோ படித்துத்தான் நர்ஸாக வருகிறார்கள். அது அஸ்திவாரம். அதற்கு மேல் தீவிர சிகிச்சைக்கென்றே ஒரு வருஷ மேற்டிப்ளமோ இருக்கிறது. அதற்கும் மேலே, இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு ஒன்று இருக்கிறது. பி.எஸ்ஸி. முடித்து வார்டில் வேலை பார்த்த அனுபவமுள்ளவர்களுக்கு அது. வகுப்பறையில் உட்காரும் நேரம் குறைவு, கட்டில் பக்கம் நிற்கும் நேரம் மிக அதிகம். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்ற கணக்கைப் படிக்கக் கற்பார்கள். எந்திரத்தை நோயாளியின் நெஞ்சுக்கு ஏற்ப மாற்றக் கற்பார்கள். மணி அடித்தால் குழாய் அடைத்துக்கொண்டதா, கழன்றதா, நுரையீரல் கிழிந்ததா என்று நிமிஷத்தில் பிரித்தறியக் கற்பார்கள். 2017-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையும் இப்படி உயர்பயிற்சி பெற்ற நர்ஸுகளுக்குத் தனிப் பதவி வரிசை உண்டாக்க வேண்டும் என்று எழுதியது. ஏட்டில் எழுதியது நல்ல எழுத்துத்தான். அது ஜில்லா ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்து சேர வேண்டாமா?

அந்தப் படிப்பில் சேர யாரால் முடிகிறது என்று பாருங்கள். நர்ஸுகளும் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள்தான். கைத்தறிக்காரர் மகள், கொத்தனார் மகள், தோட்டத் தொழிலாளி மகள். சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள். இரண்டு வருஷம் வேலையை விட்டுவிட்டு, கட்டணம் கட்டி, படித்துவிட்டு வா என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? கடன் வாங்கிப் படித்தவள் கடனை அடைக்க வளைகுடாவுக்கோ லண்டனுக்கோ கப்பலேறாமல் என்ன செய்வாள்? அவள் மேல் குற்றமில்லை.

இங்கேயே இருப்பவர்கள் நிலைமை என்ன? 2015-ல் நமது ராஜ்ய சர்க்கார் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸுகளை எடுத்தது. எப்படி? ஒப்பந்தத்தில், மாதம் 7,700 ரூபாய்க்கு! இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பி வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவ இயக்குனரக வளாகத்திலேயே ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு கொரோனா வந்தது. பாதுகாப்பு உடுப்புக்குள் வெந்துகொண்டு வேலை பார்க்க அவசரமாக இன்னும் பல ஆயிரம் பேரை எடுத்தார்கள். அவர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டரை வருஷம் கொரோனா வார்டில் நின்று கற்ற கல்வி இருக்கிறதே, அதை எந்தக் கல்லூரியில் காசு கொடுத்து வாங்க முடியும்? அதையும் சேர்த்தே வெளியே அனுப்பினார்கள். தனியார் ஆஸ்பத்திரிகள் விஷயத்தில், 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பிறகு அமைந்த கமிட்டி, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று சிபாரிசு செய்தது. உங்கள் தெருவில் தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், கையில் என்ன வாங்குகிறாள் என்று.

மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சைடர் எத்தனை சைடு பார்ப்பது என்பதற்காக நீங்கள் எத்தனை தடவை கதவடைப்பைச் சந்தித்திருக்கிறீர்கள்! வேலைப்பளு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீவிர சிகிச்சையில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்பது கவுன்சில் வகுத்த அளவு. அப்படியானால் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், வார விடுமுறைக்கும் நோவுக்கும் பதிலி ஆள் தனி. ஒருத்தியிடம் நாலு கட்டில், ஐந்து கட்டில் கொடுத்தால் அவள் எவ்வளவு படித்திருந்தும் என்ன பயன்? உங்கள் பிரேமில் நூல் அறுந்தால் பிணைத்துவிடலாம். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துக் கணக்குப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். நர்ஸின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினால் சாவதற்கான வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுகிறது. பட்டம் படித்த நர்ஸுகளின் பங்கு 10 சதவிகிதம் கூடினால் அதே 7 சதவிகிதம் குறைகிறது. படிப்பும் வேண்டும், ஆளும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிக்கிற தந்திரம் முதலாளிக்கு மட்டுமல்ல, சர்க்காருக்கும் தெரியும்.

"நர்ஸுக்கு இவ்வளவு படிப்பு கொடுத்தால் டாக்டரைக் குறைத்துவிட மாட்டார்களா?" என்று ஒரு தோழர் மேடைக்கு வருமுன் என்னைக் கேட்டார். நியாயமான சந்தேகம். செலவைக் குறைக்கும் தந்திரமாக இதைக் கொண்டு வந்தால் நாம் எதிர்க்க வேண்டும். டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் டாக்டர் இருக்கட்டும். அவர் அடுத்த கட்டிலில் இருக்கும்போது இந்தக் கட்டிலில் கண்ணும் அறிவும் உள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் நாம் கேட்பது.

ஆகவே சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்க்கச் சொல்கிறேன். வேலையில் இருக்கும் நர்ஸுகளை முழுச் சம்பளத்தோடு, சர்க்கார் செலவில் இந்தப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். படித்து வந்தவருக்கு அதற்கான நிரந்தரப் பதவியும் தனிச் சம்பளமும் வேண்டும். படித்தவரை மறுநாளே ரிஜிஸ்தர் எழுத உட்கார வைக்கக் கூடாது. ஜில்லா ஆஸ்பத்திரித் தீவிர சிகிச்சை வார்டில் ஒரு கட்டிலுக்கு ஒரு நர்ஸ், ராத்திரி ஷிப்டிலும்.

ராத்திரி ஷிப்டை அழுத்திச் சொல்கிறேன். பகலில் பார்வையிட வரும் அதிகாரிக்குக் கணக்குச் சரியாக இருக்கும். நம் ஆட்கள் யாரையாவது அங்கே சேர்த்திருக்கும்போது, துணைக்கு இருப்பவர்கள் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலை எண்ணுங்கள், நர்ஸை எண்ணுங்கள், தேதி போட்டுக் குறித்து வையுங்கள். நர்ஸம்மாவிடம் சண்டை போட வேண்டாம், அவள் ஒருத்தியாக ஐந்து பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் குறிப்புகளைச் சங்க ஆபீசில் கொடுங்கள். மனுவோடு சேர்த்துக் கலெக்டரிடம் கொண்டுபோவோம், நர்ஸுகளின் சங்கத்தாரையும் கூட அழைத்துக்கொண்டு போவோம். மனுத்தாள் வாசல் பக்கம் மேஜை மேல் இருக்கிறது. பத்தரை மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். மற்றவர்கள் வரிசையில் வாருங்கள்.