பாட்டுப் பீரியட் எங்கே போனது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



"கலையும் கல்வியும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பாடுகிறவன் இல்லை, வரைகிறவனும் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் வவுச்சரும் லெட்ஜரும் பார்த்தவன். கலையின் மேன்மையைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து, அதாவது கணக்குப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு, ஓவியம், நடனம் எல்லாம் காணாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் கணக்கில்தான் இருக்கிறது. திரும்பி வருவதற்கான வழியும் அங்கேதான் இருக்கிறது.

உதாரணத்துக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். நம்மில் பலருக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ஹாலிவுட் இருக்கிற ஊர், உலகத்துக்கே சினிமாவும் பாட்டும் ஏற்றுமதி செய்கிற ஊர். அந்த ஊர்ப் பள்ளிகளில் பாட்டு வாத்தியார் இல்லை என்றால் நம்புவீர்களா? ஐந்து அரசுப் பள்ளியில் ஒன்றில்தான் முழுநேரக் கலை ஆசிரியர் இருக்கிறார் என்று சொல்லித்தான் அங்கே பெற்றோரும் ஆசிரியர்களும் 2022-ல் பிரசாரத்துக்குக் கிளம்பினார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று? கதை 1978-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் ஜூன் மாதம் கலிபோர்னியா மக்கள் 'புரொபோசிஷன் 13' என்ற சட்டத்துக்கு வாக்களித்தார்கள். வீட்டின் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் சொத்துவரி கூடாது, அந்த மதிப்பையும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது சட்டத்தின் சாரம். வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அதை நாம் குறை சொல்ல முடியாது. 2022-ல் நம் ஊரில் சொத்துவரி ஏறியபோது இதே கூட்டத்தில் என்னென்ன பேசினோம் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் அப்போது அங்கே பள்ளிக்கூடங்களுக்கு முக்கிய வருமானமே அந்தச் சொத்துவரிதான். வருமானம் சுருங்கியதும் பள்ளிகள் செலவைச் சுருக்கின. கணக்கு டீச்சரை நிறுத்த முடியாது, ஆங்கில டீச்சரை நிறுத்த முடியாது. யாரை நிறுத்துவார்கள்? பாட்டு டீச்சரை, ஓவிய டீச்சரை, நூலகரை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கலை வேண்டாம் என்று யாரும் வாக்களிக்கவில்லை. கலைக்கு எதிராக ஒருவர்கூட மேடை ஏறவில்லை. வரி குறையட்டும் என்றுதான் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்து பல வருடங்கள் கழித்துத் தங்கள் பிள்ளையின் வகுப்பறையில் வந்து நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. பாட்டுப் பீரியட் எப்போதும் இப்படித்தான் போகும், சத்தமில்லாமல்.

இனி 2022-க்கு வருவோம். கலிபோர்னியாவில் ஒரு வசதி உண்டு. போதுமான வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால், ஒரு சட்ட யோசனையை நேரடியாகத் தேர்தலில் வைக்கலாம். அப்போது தேவைப்பட்ட கையெழுத்து 6,23,212. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்தின் முன்னாள் கண்காணிப்பாளர் ஆஸ்டின் பியூட்னர் முன்னின்று நடத்த, கையெழுத்துகள் சேர்ந்தன. 'புரொபோசிஷன் 28' என்ற பெயரில் நவம்பர் 8-ந் தேதி வாக்கெடுப்பு. நூற்றுக்கு 64 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள்.

சட்டத்தை எழுதியவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். "கலையை வளர்ப்போம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டுப் போகவில்லை. அதன் ஷரத்துகளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாவது, புது வரி கிடையாது. பள்ளிகளுக்கு மாநிலம் கட்டாயம் தரவேண்டிய தொகை ஒன்று இருக்கிறது. அதில் 1 சதவீதத்துக்குச் சமமான தொகையை, அதற்கு மேல் கூடுதலாக, கலைக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். முதல் வருடம், 2023-24-ல், அது 93.8 கோடி டாலர்.

இரண்டாவது, பங்கீடு. 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கைப்படி. மீதி 30 சதவீதம் ஏழை மாணவர்களின் எண்ணிக்கைப்படி. எந்தப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் அதிகமோ அந்தப் பள்ளிக்குப் பணமும் அதிகம்.

மூன்றாவது, 500 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள பள்ளி மாவட்டங்களில், வந்த பணத்தில் 80 சதவீதத்தை ஆசிரியர், உதவியாளர் சம்பளத்துக்குத்தான் செலவிட வேண்டும். நிர்வாகச் செலவு 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மூன்று வருடத்துக்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும்.

நான்காவதுதான் உயிர்நாடி. இந்தப் பணம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் செலவுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். பழைய செலவை இதன் தலையில் கட்டக்கூடாது.

இது ஏன் உயிர்நாடி என்று நம் குடியிருப்புக் கணக்கிலேயே சொல்கிறேன். தோட்டம் காய்ந்து கிடக்கிறது, இன்னும் ஒரு தோட்டக்காரர் வேண்டும் என்று வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் கூடுதலாகத் தருகிறோம் என்று வையுங்கள். செயற்குழு என்ன செய்கிறது? இருக்கிற தோட்டக்காரருக்கு இதுவரை பராமரிப்புக் கணக்கிலிருந்து கொடுத்த சம்பளத்தை நிறுத்திவிட்டு, இந்தப் புதுப் பணத்திலிருந்து கொடுக்கிறது. பராமரிப்புக் கணக்கில் மிச்சமானதை லிஃப்ட் ரிப்பேருக்கு எடுத்துக்கொள்கிறது. திருட்டு இல்லை. ஒரு ரூபாய்கூட யார் பையிலும் போகவில்லை. வவுச்சர் எல்லாம் சரியாக இருக்கும், ஆடிட்டரும் கையெழுத்துப் போடுவார். ஆனால் தோட்டத்தில் பழைய ஒரே தோட்டக்காரர்தான். நீங்கள் கொடுத்த 200 ரூபாய்க்கு ஒரு செடிகூடக் கூடுதலாகத் துளிர்க்கவில்லை. (நம் செயற்குழு அப்படிச் செய்யாது. பொருளாளர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இதுதான் நடந்தது என்பதே லாஸ் ஏஞ்சலஸ் பெற்றோரின் புகார். ஏறத்தாழ 4 லட்சம் மாணவர்கள் படிக்கிற, அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. முதல் வருடம் அதற்குக் கிடைத்த கலைப்பணம் ஏறத்தாழ 7.7 கோடி டாலர். பணம் வந்தது, எங்கள் பள்ளியில் புது ஆசிரியர் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். ஏற்கெனவே இருந்த ஆசிரியர்களின் சம்பளத்தைப் புதுப் பணத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். 2025 பிப்ரவரியில் சில மாணவர்கள், பெற்றோர் மூலமாக, நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவர்களோடு வாதியாகச் சேர்ந்தவர் யார் தெரியுமா? அதே ஆஸ்டின் பியூட்னர். தான் ஒரு காலத்தில் தலைமை வகித்த மாவட்டத்தின் மீதே வழக்கு. சட்டப்படிதான் செலவு செய்தோம் என்று மாவட்டம் மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. நான் சொல்ல வருவது வேறு. சட்டம் வந்துவிட்டது, பணமும் வந்துவிட்டது, இனி எல்லாம் தானாக நடக்கும் என்று அந்தப் பெற்றோர் வீட்டில் உட்காரவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் எவ்வளவு வந்தது, போன வருடம் எத்தனை ஆசிரியர், இந்த வருடம் எத்தனை ஆசிரியர் என்று எண்ணிப் பார்த்தார்கள். அந்த எண்ணிக்கையில்தான் விஷயமே வெளியே வந்தது.

அது அமெரிக்கா, நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நம் பக்கமும் காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். 6 முதல் 8 வரை வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருடமாகப் போராடி வருகிறார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளை எடுத்துக்கொண்டால், ஒன்று முதல் பன்னிரண்டு வரை வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பீரியட் கலைக்கல்வி கட்டாயம் என்று 2019-லேயே வாரியம் சொல்லிவிட்டது.

உங்கள் பிள்ளையின் டைம்டேபிளில் அந்த இரண்டு பீரியட் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். அந்தப் பீரியடில் என்ன நடக்கிறது? அதைப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். "மேத்ஸ் மிஸ் வாங்கிக்கிட்டாங்க" என்று பதில் வந்தால், லாஸ் ஏஞ்சலஸ் கதையும் நம் கதையும் ஒன்றுதான். புத்தகத்தில் வரவு இருக்கிறது, கையில் சரக்கு இல்லை.

இதில் பெற்றோரான நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் "ஓவியம் எதற்கு, ஸ்பெஷல் கிளாஸ் வையுங்கள்" என்று கேட்பது யார்? பள்ளி நிர்வாகம் நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் தரும்.

பாட்டுக் கற்றால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்றெல்லாம் சொல்லி உங்களை இழுக்க நான் விரும்பவில்லை. கூடினால் சந்தோஷம். கூடாவிட்டாலும் பாட்டு பாட்டுதான். எல்லாப் பாடத்திலும் கடைசி பெஞ்சில் இருக்கிற ஒரு பிள்ளை, அந்த ஒரு பீரியடில் மட்டும் முதல் பெஞ்சுக்கு வருவான். அவனுக்காகவாவது அந்தப் பீரியட் வேண்டும்.

இன்னொரு விஷயம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாட்டு இல்லாவிட்டால் குடி முழுகாது. கீழே ஹாலில் பரதநாட்டிய வகுப்பு நடக்கிறது, இரண்டாவது பிளாக்கில் கீபோர்டு வகுப்பு நடக்கிறது. பணம் கட்டினால் ஆயிற்று. நம் வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைக்கும், நம் வீடுகளில் வேலை செய்கிற அம்மாக்களின் பிள்ளைகளுக்கும் அப்படி இல்லை. பள்ளியில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இல்லை. அந்த 30 சதவீதத்தை ஏழைப் பிள்ளைகளின் கணக்கில் எழுதியவர்கள் இதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நாம் நம் பிள்ளைக்காகப் பள்ளியில் கேட்பது பெரிய காரியம் இல்லை. அரசுப் பள்ளியிலும் கேட்க வேண்டும். அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு மனு எழுத உதவி செய்யுங்கள்.

கடைசியாக, செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கலைக்கு என்று தனி ஆசிரியர் இருக்கிறாரா? சென்ற மாதம் அந்தப் பீரியட் எத்தனை முறை உண்மையில் நடந்தது? கலைக்கு என்று கட்டணம் வாங்கினால் அது எதற்குச் செலவாகிறது? கோபமாகக் கேட்க வேண்டாம். தலைமையாசிரியரும் நம்மைப் போல நெருக்கடியில் இருப்பவர்தான். ஆனால் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். நம் குடியிருப்பிலிருந்து ஒரே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஒருவர் கேட்டால் புகார், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இந்த மாதம் முழுவதும் உங்கள் டைம்டேபிளில் ஓவியம், பாட்டு என்று போட்டிருக்கிற ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். கூட்டிக் கழித்து, பள்ளிவாரியாக ஒரு தாளில் எழுதித் தருவது என் பொறுப்பு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் அப்பா அம்மா பள்ளிக்குப் போகட்டும்.