சுகாதார ஊழியரின் மனநலமும் பஞ்சாயத்தின் கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



குடிநீர், சாலை, தெருவிளக்கு, வரிவசூல் ஆகியவை பற்றி இம்முகாமில் அறிந்தோர் பலர் பேசியுள்ளனர். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. புயலும் வெள்ளமும் கொள்ளை நோயும் வரும்பொழுது நம் வீட்டு வாயிலுக்கு வந்து நிற்கும் சுகாதார ஊழியர்களின் உள்ளம் எந்நிலையில் இருக்கின்றது, அதனைக் காப்பதற்குப் பஞ்சாயத்து செய்யக்கூடியது யாது என்பதே அப்பொருள். மனத்தைப் பற்றிய பேச்சுக்கும் பஞ்சாயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். உழவரிடம் ஒன்று கேட்கிறோம். விடியற்காலையில் பூட்டிய ஏர்மாட்டை உச்சிப்பொழுதில் அவிழ்த்து விடாத உழவர் எவரேனும் உண்டா? மாடு களைத்தது என்பதை அது வாய்விட்டுச் சொல்வதில்லை. உழவரே பார்த்து அறிகின்றார். ஊருக்கு உழைக்கும் ஊழியரைப் பார்த்து அறியும் கண் மட்டும் நமக்கு இன்னும் அமையவில்லை.

யாரைக் குறித்துப் பேசுகின்றோம் என்பதை முதலில் தெளிவாக்குவோம். தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துணைச் சுகாதார நிலையங்கள் உள்ளன. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கு ஒன்று என்பது விதி. அவற்றின் பொறுப்பைப் பெரும்பாலும் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரே தாங்குகின்றார். கருவுற்ற தாயைப் பதிவு செய்வது, பிக்மி எண் பெற்றுத் தருவது, குழந்தைக்குத் தடுப்பூசி இடுவது, குடும்பநல ஆலோசனை கூறுவது ஆகிய யாவும் அவர் பணியே. அவருடன் சுகாதார ஆய்வாளர், 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர், 108 ஊர்தியின் ஊழியர், நம் பஞ்சாயத்தின் தூய்மைக் காவலர் ஆகியோரையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

பெரிய மருத்துவமனையில் பணிபுரிபவர்க்கு அருகில் தோழர் இருப்பர். களைத்தால் ‘சற்றுப் பார்த்துக்கொள்’ என்று கூற ஓர் ஆள் உண்டு. கிராமச் செவிலியரோ தனித்து நிற்பவர். அது மட்டுமன்று, அவர் நம் அயலாரும் ஆவார். இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பாரம் கனக்கின்றது.

2004 டிசம்பர் 26ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலோரக் கிராமத்துச் செவிலியர்க்கு மாண்ட குழந்தைகள் வெறும் கணக்கு அல்லர். தாம் பெயர் பதிந்து, தடுப்பூசி இட்டு, எடை பார்த்த பிள்ளைகள். அத்துயரை மனத்துள் அடக்கிக்கொண்டு, மறுநாளே முகாம்களில் குளோரின் கலப்பதும் வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுப்பதும் அவர் கடமையாயிற்று. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் வேதாரணியத்தருகே கஜா புயல் கரை கடந்தது. தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை, நாகை மாவட்டங்களில் தென்னை மரங்கள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அங்கே பணிசெய்த ஊழியருள் பலர் அவ்வூராரே. சொந்த வீட்டின் கூரை போன நிலையில் பிறர் வீட்டுக் காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள் அவர்கள். தென்னை இழந்த உழவரின் நெஞ்சு என்ன பாடுபட்டது என்பதை நாடு ஒருவாறு அறிந்தது. அவரைப் பார்க்க வந்த செவிலியரின் நெஞ்சை எவரும் கேட்டாரில்லை.

கொள்ளை நோயின் இயல்போ வேறு. வெள்ளம் வடியும், நோய் எப்பொழுது வடியும் என்பது தெரியாது. 2020ஆம் ஆண்டில் கொரோனா வந்தபொழுது, பணி முடித்து வீடு திரும்பும் ஊழியர், தம் குழந்தையைத் தொடவும் அஞ்சினார். ‘என்னால் என் தாய்க்கு நோய் வந்துவிடுமோ’ என்னும் அச்சம், நோயைவிடக் கொடிதாய் வாட்டியது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன உரிமையாளர்கள் நாடெங்கும் இருந்தனர். 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றினால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாது ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. அச்செய்தியைப் படித்த ஒவ்வொரு செவிலியரும், ‘நமக்கும் இதுதானோ’ என்று ஒரு கணமேனும் எண்ணியிருப்பார். 2021 மே மாதத்தில் நம் மாநிலத்தில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குத் தொற்று உறுதியாயிற்று. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் ஏறக்குறைய 1,15,000 சுகாதார ஊழியர்கள் அந்நோயால் மாண்டிருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவப் பணியாளர் மீது வன்முறை செய்வதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. கொள்ளை நோய்ச் சட்டத்தில் 2020ஆம் ஆண்டு செய்த திருத்தம், அந்நோய்க் காலத்தில் ஊழியரைத் தாக்குவோர்க்கு மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரையும், கொடுங்காயம் விளைவித்தால் ஏழு ஆண்டு வரையும் சிறை விதிக்கின்றது. ஆயின் சட்டம் கல்லைத் தடுக்குமேயன்றிக் கடுஞ்சொல்லைத் தடுக்காது. கிராமத்தில் மிகுதியாக விழுவது சொல்லே. மகப்பேறு உதவித் தொகை தாமதமானால் ஏச்சு வாங்குபவர் செவிலியர்; 108 ஊர்தி வர நேரமானால் ஏச்சு வாங்குபவரும் அவரே. பணம் அனுப்பும் பொறுப்பும் ஊர்தி அனுப்பும் பொறுப்பும் அவரிடம் இல்லை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இவ்வாறு பாரம் ஏறிய மனம் எப்படித் தன்னைக் காட்டும்? உறக்கம் கெடும். சிறு பேச்சுக்கும் சினம் மூளும். முன்பு கலகலவென்று பேசியவர் வாய் மூடிவிடுவார். தலைவலி, வயிற்றெரிச்சல், நெஞ்சுப் படபடப்பு என்று உடலும் முறையிடும். சிலர்க்கு எதனைக் கண்டாலும் உணர்ச்சியே எழாத ஒரு மரத்துப்போன நிலை வரும். ஊரார் அதனைக் ‘கல்மனம்’ என்பர், உண்மையில் அது அதிகமாய் உணர்ந்த மனத்தின் களைப்பு. ஆண் ஊழியருள் சிலர் மதுவை நாடுவர். இன்னொன்றும் உண்டு, அதுவே மிகக் கொடியது என்பது நம் கருத்து. ஒரு படுக்கை, இரண்டு நோயாளிகள். ஒரு படகு, இரண்டு கருவுற்ற தாய்மார்கள். ஒருவரை அனுப்பினோம், மற்றவரை அனுப்ப இயலவில்லை. தவறு எதுவும் செய்யாதவர்க்கும் ‘நான் தவறு செய்தேனோ’ என்னும் எண்ணம் முள்ளாய்த் தைத்துக்கொண்டே இருக்கும்.

இவை யாவும் நோய் அல்ல. அசாதாரணமான நிகழ்ச்சிக்குச் சாதாரணமான மனம் காட்டும் எதிரொலியே இது. ஓய்வும் உறவினர் துணையும் கிடைத்தால் பெரும்பாலோர் தாமே தேறிவிடுவர். உறக்கமின்மையும் ஊக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பின் மருத்துவரைக் காணுதல் வேண்டும். ‘இருந்து என்ன பயன்’ என்னும் சொல் வாயில் வந்துவிட்டால், இரண்டு நாள்கூடக் காத்திருத்தல் ஆகாது. அவரைத் தனியே விடவும் கூடாது.

இனி, பஞ்சாயத்து செய்யத்தக்கதைக் கூறுவோம். முதலாவது ஓய்வு. வாய்க்காலில் நீர் குறைந்த காலத்தில் நாம் முறை வைத்துப் பாய்ச்சுகின்றோம். இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை என்று கணக்கு உண்டு, அதனை மீறுவோரை ஊரே தட்டிக் கேட்கும். ஊழியர் பணிக்கும் அத்தகைய முறை வேண்டும். விடுப்புக் கொடுப்பது பஞ்சாயத்தின் அதிகாரம் அன்று. ஆயின் ‘எங்கள் ஊர்ச் செவிலியர் ஐந்து நாளாய்த் தொடர்ந்து உழைக்கின்றார், பக்கத்து வட்டாரத்திலிருந்து மாற்றாள் அனுப்புங்கள்’ என்று வட்டார மருத்துவ அலுவலர்க்குக் கடிதம் எழுத எந்த அதிகாரம் வேண்டும்? அவரே கேட்டால் சோம்பல் என்பர். ஊர் கேட்டால் நியாயம் என்பர்.

இரண்டாவது, உண்ண உணவு, தங்க இடம், பூட்டுள்ள கழிவறை. இவற்றை மனநலம் என்று கூறுவது விந்தையாகத் தோன்றலாம். வெள்ளத்தில் தவித்த ஓர் ஊரில், பள்ளிக்கூட முகாமில் நானூறு பேருக்குச் சமைத்த அடுப்பிலிருந்து, அங்கே பணிசெய்த செவிலியர்க்கு ஒரு பொட்டலம் கொடுக்க எவர்க்கும் தோன்றவில்லை. அவர் கேட்கவும் கூசினார். பசியைக் காட்டிலும், தம்மை ஒருவரும் நினைக்கவில்லை என்பதே அவரை வருத்தியது என்று பின்னர் நம்மிடம் கூறினார். மறு ஆண்டு அவ்வூரில் அங்கத்தினர் ஒருவரே முன்வந்து, ஊழியர் சாப்பாட்டுக்கும் இரவில் துணைக்குச் செல்ல டிராக்டருக்கும் பொறுப்பேற்றார். செலவு மிகவும் குறைவு. மாற்றல் கேட்டு எழுதி வைத்திருந்த மனுவைச் செவிலியர் அனுப்பவில்லை. அவர் போயிருந்தால் அவ்வூர்க் கர்ப்பிணிகளை அறிந்த ஒருவர் போயிருப்பார். புதியவர் வந்து அவர்கள் பெயரையும் வீட்டையும் அறியவே ஓராண்டு ஆகும்.

மூன்றாவது, வதந்தி. நோய்க் காலத்தில் ‘அந்தம்மாதான் நோயைக் கொண்டுவந்தாள்’ என்று ஒருவர் தேநீர்க் கடையில் கூறினால் மாலைக்குள் ஊர் முழுதும் பரவிவிடும். அதனை மறுக்க வேண்டியவர் ஊழியர் அல்லர். தலைவரும் ஊர்ப் பெரியவரும் அவருடன் தெருவில் நடந்து சென்றாலே பாதி வதந்தி அடங்கும். நிவாரணப் பட்டியல் பற்றிய கேள்விகளுக்கும் பஞ்சாயத்தே ஓர் ஆளை நியமித்து விடை கூறச் செய்தால், மருந்து கொடுப்பவர் மீது ஏச்சு விழாது.

ஆறுதல் கூறுவதிலும் ஒரு முறை உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் பிறரும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைக் கூறுகின்றது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். அவர் நிலையைப் பார். அவர் சொல்வதைக் கேள். அவர்க்கு வேண்டிய உதவியுடன் இணைத்துவிடு. அவ்வளவே. ‘என்ன கண்டாய், எத்தனை பிணம் பார்த்தாய், விவரமாய்ச் சொல்’ என்று வற்புறுத்திக் கேட்பது உதவியன்று, புண்ணைக் கிளறுவதே. நடந்ததை ஒரே அமர்வில் எல்லாரும் கட்டாயமாய் விவரித்துப் பேசவேண்டும் என்னும் பழைய வழக்கத்தை அந்நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. சொல்ல விரும்பினால் கேட்போம். விரும்பாவிடில் அருகில் அமர்ந்திருப்போம். ‘இதெல்லாம் ஒன்றுமில்லை, தைரியமாய் இரு’ என்பது நல்லெண்ணத்தில் கூறுவதுதான். ஆயின் கேட்பவர் காதில் ‘பேசாதே’ என்றே விழுகின்றது.

மேல் உதவி வேண்டுமெனில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரிடமும் செல்லலாம். 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. ஊழியர் பலர் இவ்வெண்ணைப் பிறர்க்கு எழுதிக் கொடுக்கின்றனரேயன்றித் தாம் அழைப்பதில்லை. மேலதிகாரி அறிந்தால் இழுக்கு என்னும் அச்சம் அவர்களைத் தடுக்கின்றது. மனநலச் சிகிச்சை பற்றிய விவரத்தை இரகசியமாய் வைத்தல் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை என்பதை அவர்களிடம் எடுத்துரைத்தல் நன்று.

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். காலியிடங்களை நிரப்புவதும், தன்னார்வலர்க்கு உரிய ஊதியத்தைக் காலத்தில் அளிப்பதும், பதிவேடுகளின் சுமையைக் குறைப்பதும் அரசின் பொறுப்பு. பஞ்சாயத்தின் அன்பு அவற்றுக்கு ஈடாகாது. அவற்றைக் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவதும் ஓர் உதவியே. பேரிடர் ஓய்ந்தபின் சால்வை போர்த்துவதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் பதினைந்து இரவு விழித்தவர்க்குச் சால்வையினும் உறக்கமே உகந்தது. வெள்ளம் வடிந்து, அமைச்சர்களும் நிருபர்களும் திரும்பிச் சென்று, இரண்டு மூன்று மாதம் கழிந்த பின்னரே பலர்க்கு மனச்சோர்வு தலைகாட்டுகின்றது. அந்நாளில் ஒருமுறை அவர் வீட்டுக்குச் சென்று நலம் கேட்டு வாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர்ப் பிற்பகுதியில் தொடங்கும். அதற்கு முன்பே அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடுகின்றது. மழைக்காலத்தில் செவிலியர் தங்கும் அறை எது, அதன் தாழ்ப்பாளும் விளக்கும் சரியாய் உள்ளனவா, அவர்க்கு உணவு தருபவர் யார், இரவில் உடன் செல்பவர் யார், யாருடைய டிராக்டர், டீசலுக்குப் பணம் எந்தக் கணக்கில் என்று அன்றைக்கே பெயர் குறித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். அவ்விவரங்களைச் செவிலியரையும் அழைத்து அமரவைத்து, அவரைக் கேட்டே எழுதுங்கள்.