எழுபது வளைவும் ஒரு கணிப்பும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், பெரக்கரை நாட்டைச் சேர்ந்த கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "ஏதாவது கணக்கு சம்பந்தமா பேசுங்க, ஆனா யாரும் தூங்கிடக் கூடாது" என்றார். சாப்பாட்டுக்கு அப்புறம் கணக்கு பேசி யாரையும் தூங்க விடாமல் வைப்பது சாமானியப்பட்ட காரியமா? அதனால் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மலை மேல் ஏறும் சைக்கிள் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதுதான் தலைப்பு.

என் வகுப்பு நண்பர்கள் சிலர் இப்போதே சிரிக்கிறார்கள். அவர்களுக்கு 1986ஆம் வருஷத்துக் கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்லி விடுகிறேன்.

நான் பிறந்த ஊர் கொல்லிமலையில் பெரக்கரை நாடு. அந்தக் காலத்தில் கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் மாவட்டம் 1997இல்தான் பிறந்தது. ஆடிப் பதினெட்டுக்கு நான் ஊருக்குப் போகிறேன் என்றதும், விடுதியில் ஏழு பேர், "நாங்களும் வர்றோம், சைக்கிள்ல வர்றோம்" என்று கிளம்பி விட்டார்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவு. முதலில் மேலே சேருகிறவனுக்கு மற்ற ஆறு பேரும் சேர்ந்து ஒரு வாரம் இரவுப் புரோட்டா வாங்கித் தர வேண்டும். வாடகை சைக்கிள்தான், கியர் எல்லாம் கிடையாது. விதி ஒன்றே ஒன்று. லாரியைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. மற்றபடி மிதித்தாலும் சரி, தள்ளினாலும் சரி.

நான் மலைக்காரன், அதுவும் கணக்குப் பையன். அதனால் யார் எந்த இடத்தில் வருவார் என்று எழுதித் தரும் பொறுப்பு என்னுடையது. முதல் இடம் வணிகவியல் நண்பருக்குக் கொடுத்தேன். மாவட்ட அளவில் சைக்கிள் போட்டியில் பரிசு வாங்கியவர். இரண்டாவது விலங்கியல் நண்பர், நெடுந்தூர ஓட்டக்காரர். ஏழாவது, அதாவது கடைசி, தமிழ் இலக்கியம் படித்த ஒல்லிப்பிச்சான் நண்பர். அந்தத் தாளை விடுதிச் சுவரில் ஒட்டியும் விட்டேன்.

முடிவு என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால், இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எப்படிக் கணிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

பிரான்ஸ் நாட்டில் 1903 முதல் நடக்கும் பெரிய பந்தயம் டூர் டி பிரான்ஸ். மூன்று வாரம், இருபத்தொரு கட்டம். சமதரையில் ஒருவன் பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு போனால், பின்னால் வருகிறவனுக்குக் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்து விடும். அதனால் பலசாலியும் சுமாரானவனும் ஒன்றாகவே வந்து சேருவார்கள். மலையில் வேகம் குறைகிறது. காற்றின் பங்கும் குறைகிறது. அங்கே எதிரி புவியீர்ப்பு. ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆல்ப் துவேஸ் என்று ஒரு புகழ்பெற்ற ஏற்றம் இருக்கிறது. 1952இல் முதன்முதலாக அங்கே பந்தயம் முடிந்தபோது ஜெயித்தவர் இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி. அதில் எத்தனை வளைவு தெரியுமா? இருபத்தொன்று. நம்ம கொல்லிமலையில் எழுபது! (கை தட்டுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் அவர்கள் சாலை நம்முடையதைவிடச் செங்குத்து என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

புவியீர்ப்பு எதிரி என்றால் கணக்கு சுலபம். கணக்குக்காக ஏற்றத்தை ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தொழில்முறை வீரர் 60 கிலோ. அவர் சைக்கிளும் மற்றதும் 8 கிலோ. (பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி.) 68 கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க சுமார் 6,66,000 ஜூல் வேண்டும். உச்ச நிலையில் உள்ள வீரர் அரை மணிக்கு மேல் கிலோவுக்கு 6 வாட் கொடுப்பார். மொத்தம் 360 வாட். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் கொஞ்சம் கழித்தால் 300 வாட்டுக்குச் சற்று மேல் மிஞ்சும். வகுத்துப் பாருங்கள்: 36, 37 நிமிஷம். நம்ம மாணவர் ஒருவர் 20 கிலோ சைக்கிளில், கிலோவுக்கு இரண்டரை வாட் கொடுத்தால், ஒரு மணி நாற்பது நிமிஷம். அதுவும் நிற்காமல் மிதித்தால்!

ஆக, கணிப்பின் முதல் படி: யார் கிலோவுக்கு எத்தனை வாட், எத்தனை நேரம் கொடுப்பார்? இது மட்டும் போதும் என்றால் பந்தயமே நடத்த வேண்டாம். எடை மேடையும் ஒரு மீட்டரும் போதும். 2025 ஜூலை 17 அன்று ஹோட்டாகாம் மலையில் ஸ்லோவேனியாவின் டாடேய் பொகாச்சர், டென்மார்க்கின் யோனஸ் விங்கேகோரை 2 நிமிஷம் 10 விநாடி வித்தியாசத்தில் வென்றார். பலரும் எதிர்பார்த்த பெயர்தான். ஆனால் ஐந்து நாள் கழித்து வான்டூ மலையில் ஜெயித்தது இவர்கள் இரண்டு பேருமே இல்லை. முன்பே கூட்டத்தை விட்டு முன்னால் போய்விட்டவர்களில் ஒருவரான பிரான்ஸ் வீரர் வாலன்டின் பாரே பான்த்ர். ஏன்? முன்னால் போனவர் மொத்தக் கணக்கில் வெகுவாகப் பின்தங்கியவர். அவரைத் துரத்துவதால் பெரிய அணிகளுக்கு லாபம் இல்லை, விட்டு விட்டார்கள்.

அதனால் இரண்டாவது படி: யாருக்கு எது வேண்டும்? இதைக் கேட்காமல் மலைக் கட்டத்தைக் கணிப்பவன் பாதி நாள் தோற்பான்.

மூன்றாவது, உயரமும் வெயிலும் களைப்பும். 2022 ஜூலை 13, கிரனோன் மலை, 2,413 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். விங்கேகோரின் அணி அதற்கு முந்தைய மலையிலிருந்தே மாற்றி மாற்றித் தாக்கிப் பொகாச்சரை ஓய விடாமல் செய்தது. கடைசி ஏற்றத்தில் அவர் 2 நிமிஷம் 51 விநாடி இழந்தார். வாட் கணக்கு பொய்யாகவில்லை. ஆனால் அது புதிதாக வந்த காலின் கணக்கு. களைத்த காலுக்கு வேறு கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணிப்பவன் கையில் இருக்கும் எண்ணே பொய்யாக இருக்கலாம். 1999 முதல் 2005 வரை ஏழு முறை ஜெயித்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் ஊக்க மருந்து காரணமாக 2012இல் பறிக்கப்பட்டன.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். இத்தாலியில் ஃபினஸ்த்ரே என்று ஒரு மலை. 18 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். மேல்பாதி சரளைக்கல் சாலை. 2018 மே 25 அன்று, இங்கிலாந்து வீரர் சைமன் யேட்ஸ் முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டையோடு அந்த மலைக்கு வந்தார். அங்கே கால் விட்டுப் போயிற்று. அன்று மட்டும் 38 நிமிஷத்துக்கு மேல் இழந்தார்.

ஏழு வருஷம் கழித்து, 2025 மே 31. அதே மலை, அதே மனிதர். இப்போது மூன்றாவது இடம், 1 நிமிஷம் 21 விநாடி பின்னால். முன்னால் இருந்தவர்கள் மெக்சிகோவின் டெல் டோரோவும் ஈக்வடாரின் கராபாஸும். யேட்ஸ் கிளம்பிப் போனார். மற்ற இருவரும் என்ன செய்தார்கள்? "நீ துரத்து" என்று இவரும், "நீதான் துரத்த வேண்டும்" என்று அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் யேட்ஸின் அணித் தோழர் வான் ஆர்ட் முன்கூட்டியே போய்க் காத்திருந்து, பள்ளத்தாக்கில் அவரை இழுத்துப் போனார். இத்தாலியப் பந்தயத்தையே யேட்ஸ் 3 நிமிஷம் 56 விநாடி வித்தியாசத்தில் வென்றார்.

இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே கூத்தை நான் 1986இல் நாற்பதாவது வளைவில் பார்த்திருக்கிறேன்.

வணிகவியலும் விலங்கியலும் அங்கே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். "அவன் எழுந்தா நான் எழுந்திருப்பேன்" என்று இருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். எங்கள் தமிழ் இலக்கியம் அவர்களைத் தாண்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போய்க்கொண்டிருந்தார். கல்லூரிக்கு வருமுன் அவர் ஊரில் பால் கேன் கட்டிச் சைக்கிள் ஓட்டியவர். கியர் இல்லாத சைக்கிளைச் செங்குத்தில் மிதித்தால் கால்தான் போகும். இறங்கித் தள்ளினால் வேகம் பெரிதாகக் குறையாது, மூச்சும் மிஞ்சும் என்று அவருக்குத் தெரியும். சாலை சற்றுப் படிந்த இடத்தில் ஏறி மிதித்தார். சோளக்காட்டுக்கு முதலில் அவர்தான் வந்தார்.

என் தாளில் எங்கே தப்பு? எல்லோரும் மிதிப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். தள்ளலாம் என்று விதியிலேயே இருந்தது; அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. போனது ஒரு வாரப் புரோட்டா. சிரித்துவிட்டு விட்டோம்.

அடுத்த தப்புக்குச் சிரிக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நான் ஆசிரியராகிச் சில வருஷம் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்பில் எங்கள் பெரக்கரை நாட்டுப் பையன் ஒருவன். கணக்கில் அரையாண்டுத் தேர்வு வரை ஒரு முறைகூடத் தேறவில்லை. ஒரு நாள் அவன் அப்பா வந்தார். எனக்குத் தூரத்து உறவு.

"தம்பி, நீ நம்ம ஊர்ப் புள்ள. உள்ளதைச் சொல்லு. பையன் தேறுவானா? தேற மாட்டான்னா கேரளாவுக்கு மொளகு பறிக்கக் கூட்டிட்டுப் போயிடறேன்."

நான் மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினேன். "கஷ்டம்தாங்க மாமா" என்றேன். அவ்வளவுதான். இரண்டே சொல்.

அடுத்த திங்கட்கிழமை அந்த இடம் காலியாக இருந்தது. நான் போய்க் கேட்பதற்குள் அவர்கள் மலையை விட்டு இறங்கி விட்டார்கள்.

பிறகுதான் யோசித்தேன். கணக்குத் தேர்வு எப்போதும் முதல் பாடவேளை. அவன் நடந்து வருகிற பையன். பாதி நாள் தேர்வு தொடங்கிய பிறகே வந்து உட்காருவான். என் பதிவேட்டில் இருந்தது அவன் கணக்கு அறிவா, அவன் நடந்த தூரமா? அதை நான் கேட்கவே இல்லை. மறுபடியும் அதே தப்பு. இந்த முறை நான் இழந்தது ஒன்றுமில்லை, இழந்தவன் அவன்.

பல வருஷம் கழித்துச் சோளக்காடு சந்தையில் அவனைப் பார்த்தேன். பலாப்பழ வியாபாரம். ஐந்தாறு பேருக்கு ஒரே நேரத்தில் எடை, விலை, கழிவு, பாக்கி எல்லாம் மனக்கணக்காகவே சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "சார், நல்லா இருக்கீங்களா?" என்று எழுந்து நின்றான். ஒரு பழத்தைக் கட்டிக் கொடுத்தான். காசு வாங்க மறுத்து விட்டான். அந்தப் பழத்தைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு எழுபது வளைவும் இறங்கி வந்தேன்.

நண்பர்களே, கணிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரும் கணிக்கிறார், விவசாயியும் கணிக்கிறார். சரியாகக் கணிப்பது என்றால் என்ன? "இவர் ஜெயிப்பார்" என்பதற்குப் பதில், "பத்தில் ஆறு பங்கு இவர்" என்று சொல்வது. அப்படிச் சொன்னவன் பத்து முறையில் நாலு முறை தோற்கத்தான் வேண்டும். தோற்கவே இல்லை என்றால் அவன் அளவுகோலே தப்பு. சொன்னதை எழுதி வைத்து, பின்னால் எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எது மாறினால் இந்தக் கணிப்பு மாறும் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்று நான் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்: "மாமா, இப்ப இருக்கிற நிலையில பத்துக்கு மூணுதான். ஆனா விடுதியில சேர்த்து, காலையில நேரத்துக்கு வந்தான்னா பத்துக்கு ஆறு. மூணு மாசம் குடுங்க." இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களைப் பற்றியும் யாராவது கணிப்புச் சொல்வார்கள். கோபப்படாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எதை வைத்துச் சொல்றீங்க? எதைப் பார்க்காம விட்டீங்க? எது மாறினா உங்க பதில் மாறும்? மூன்றுக்கும் பதில் சொல்கிறவர் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். சொல்லாதவர் பேச்சைப் புரோட்டாவோடு விட்டு விடுங்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையிலிருந்து இன்றும் பிள்ளைகள் இறங்கி வந்து படிக்கிறார்கள். உங்களில் யாராவது ஒரு பிள்ளைக்கு, அந்த மூன்று மாசத்தை வாங்கிக் கொடுங்கள். விடுதிக் கட்டணமோ, பஸ் பாஸோ, மாலையில் ஒரு மணி நேரக் கணக்கோ, எதுவானாலும் சரி. பள்ளத்தாக்கில் காத்திருந்து இழுத்துப் போனாரே வான் ஆர்ட், அந்த வேலைதான் இது.

கடைசியாக ஒன்று. அடுத்த சந்திப்பில் மறுபடியும் காரவள்ளியிலிருந்து ஏறலாம் என்று அந்த ஏழு பேரில் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் அறுபதை ஒட்டிய வயது. தாள் எழுதித் தரச் சொல்லி இப்போதே கேட்கிறார்கள். தருகிறேன். இந்த முறை ஒவ்வொருவரிடமும் போய், மிதிக்கப் போகிறீர்களா, தள்ளப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டுத் தருகிறேன்.