வாசலில் பூட்டு, கொல்லையில் கொக்கி

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நம் அங்கத்தினர் ஒருவர் கேட்டார்: "சார், ராணுவத்துக்கு இத்தனை லட்சம் கோடி செலவழிக்கிறோம். 2008ல் பத்துப் பேர் ரப்பர் படகில் மும்பையில் வந்து இறங்கினார்களே, அது எப்படி?" ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. காரியதரிசி இன்று பேசச் சொன்னபோது அதையே விஷயமாக எடுத்துக்கொண்டேன். நான் ராணுவத்தில் இருந்தவன் அல்ல. பிஸிக்ஸ் படித்துவிட்டு, மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன். ஆகவே துப்பாக்கியைவிடப் பணத்தைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும்.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் சுமார் 1.61 லட்சம் கோடி ஓய்வூதியம். (நானும் ஓய்வூதியம் வாங்குபவன்தான். அதில் கைவைக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்.) விமானம், கப்பல், பீரங்கி முதலான மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. மீதியில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் போய்விடும்.

ஆனால் ஒரு பயங்கரவாதி ரயில் நிலையத்துக்குள் நுழைந்தால் அவனை முதலில் எதிர்கொள்கிறவர் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. அவர் மாநிலப் போலீஸ்காரர். அவருக்குச் சம்பளம் மாநில பட்ஜெட்டில். மனேசரில் இருக்கும் தேசிய பாதுகாப்புப் படைக்குப் பணம் உள்துறை அமைச்சகத்திலிருந்து. நண்பர் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. அவர் சொன்ன லட்சம் கோடி ஒரு பையில் இருக்கிறது, அன்று தேவைப்பட்டது வேறு பையில் இருந்தது.

2008 நவம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். இரவு சுமார் ஒன்பதரை மணிக்குத் துப்பாக்கிச் சூடு ஆரம்பித்தது. சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே. 47க்கு எதிரே நம் போலீஸ்காரர்கள் கையில் இருந்தது பழைய .303 ரைஃபிள். கிர்காவ் சௌபாத்தியில் துக்காராம் ஓம்ப்ளே தடியோடு நின்று, கசாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு குண்டுகளை உடம்பில் வாங்கினார். அதனால்தான் கசாப் உயிரோடு பிடிபட்டான். கமாண்டோக்கள் டில்லியிலிருந்து விமானத்தில் வந்து களத்தில் இறங்கியபோது பொழுது விடிந்துவிட்டது. சண்டை 29ஆம் தேதி காலை வரை நீடித்தது. 166 பேர் மாண்டார்கள். சென்னை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் அந்தப் படைக்கு நிலையங்கள் வந்தது 2009ல்தான்.

கடல் வழி அவர்களுக்குப் புதிதா என்றால், இல்லை. 1993ல் மும்பையில் வெடித்த ஆர்.டி.எக்ஸ். அதே மகாராஷ்டிரக் கடற்கரையில்தான் இறங்கியது. கடலோரப் போலீஸ் நிலையங்களும் படகுகளும் வேண்டும் என்று 2005ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மும்பைத் தாக்குதல் நடந்தபோது அது அரைகுறையாகவே இருந்தது. வீட்டு வாசலுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டு, கொல்லைக் கதவைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தூங்கின கதைதான்.

பெரிய படையைக் கொண்டு பயங்கரவாதத்துக்குப் பதில் சொல்ல ஒருமுறை முயன்றோம். 2001 டிசம்பர் 13ல் பாராளுமன்றம் தாக்கப்பட்டதும் ஆபரேஷன் பராக்ரம். சுமார் ஐந்து லட்சம் வீரர்கள் எல்லைக்குப் போனார்கள். தாக்குதல் படைகள் உள்நாட்டு முகாம்களிலிருந்து எல்லைக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று வாரம். அதற்குள் உலகமே சமாதானம் பேச வந்துவிட்டது. படை எல்லையில் நின்றுகொண்டிருந்தபோதே, 2002 மே 14ல், ஜம்மு அருகே காலுசக்கில் ராணுவக் குடும்பங்களின் குடியிருப்புக்குள் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் சுட்டார்கள். அந்த அக்டோபரில் படையைத் திருப்பி அழைத்தார்கள். போரே நடக்காமல் நூற்றுக்கணக்கான ஜவான்கள் உயிரிழந்திருந்தார்கள். கண்ணிவெடிகளைப் புதைத்து எடுத்ததிலும் பலர் போனார்கள்.

அப்படியானால் டாங்கும் விமானமும் வேண்டாம், எல்லாவற்றையும் போலீஸுக்கே கொடு என்று சொல்லலாமா? சில வருஷம் முன்புவரை நான் அப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். 2020 ஜூன் 15ல் கல்வானில் இருபது பேரை இழந்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். சீன எல்லையில் மாதக்கணக்கில் ஆயிரக்கணக்கான வீரர்களைப் பனியில் நிறுத்த நேர்ந்தது. பயங்கரவாதத்துக்காக மட்டும் திட்டம் போட்ட நாடு அங்கே என்ன செய்திருக்கும்?

இதை 2000லேயே சொல்லிவைத்தவர் ஒருவர் உண்டு. திருச்சியில் பிறந்து, சென்னை பிரஸிடென்சி கல்லூரியில் ரசாயனம் படித்து, ஐ.ஏ.எஸ். ஆன கே. சுப்ரமணியம். கார்கில் மறுஆய்வுக் குழுவின் தலைவர். ராணுவத்தை வருஷக்கணக்காக உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்கும் வேலையில் கட்டிப்போட்டால் அதன் முதல் வேலை கெடும், அந்த வேலைக்குத் துணை ராணுவத்தையும் போலீஸையும் தயார் செய்யுங்கள் என்று அவர் குழு சொன்னது. அதாவது, இரண்டு பைகளும் நிரம்ப வேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு பணம் வேண்டியதில்லை. சின்னப் பைக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் நேரத்தில் வருவதில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். 1,86,138 குண்டு துளைக்காத அங்கிகளுக்கு ராணுவம் 2009ல் கேட்டு அனுமதியும் கிடைத்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஏப்ரலில். தொகை 639 கோடி. ஆளுக்குச் சுமார் 34 ஆயிரம் ரூபாய். இடையில் 2016ல் 36 ரஃபேல் விமானங்களுக்கு ஏறக்குறைய 59 ஆயிரம் கோடிக்கு ஒப்பந்தம் ஆயிற்று. ஆயுதம், உதிரிபாகம் எல்லாம் சேர்த்து ஒரு விமானத்தின் பங்கு 1,600 கோடிக்கு மேல். ரஃபேலை நான் குறை சொல்லவில்லை, அது வேண்டியதுதான். ஒரே விமானத்தின் விலையில் பாதிகூட இல்லாத ஒரு சாமான் ஒன்பது வருஷம் ஏன் காத்திருந்தது என்பதே என் கேள்வி.

காரணம் எனக்குத் தெரியும். பெரிய ஃபைலுக்குப் பின்னால் ஆள் உண்டு. மந்திரி கேட்பார், பத்திரிகை எழுதும், அயல்நாட்டுத் தூதர் விசாரிப்பார். சின்ன ஃபைலைத் தேடி யாரும் வரமாட்டார்கள். நான் நிதிப் பிரிவில் இருந்த காலத்தில், தொலைவில் உள்ள ஒரு காவல் முகாமுக்கு வயர்லெஸ் செட்டுகளும் விளக்குகளும் வாங்க ஒரு ஃபைல் வந்தது. பெரிய தொகை இல்லை. பழைய செட்டுகள் என்ன ஆயின, மூன்று விலைப்புள்ளி ஏன் இல்லை என்று கேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு கேள்வியும் விதிப்படி சரி. நாலாவது முறை வந்தபோது மார்ச் 31 தாண்டிவிட்டது, பணம் காலாவதி ஆகிவிட்டது. அந்த முகாமில் ஆபத்து ஒன்றும் நேரவில்லை. நேர்ந்திருந்தால் என் பெயர் எந்த விசாரணையிலும் வந்திருக்காது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் யோசித்தேன்.

2025 மே மாதம், பஹல்காம் படுகொலைக்குப் பிறகு நடந்த ஆபரேஷன் சிந்தூரில், பாகிஸ்தான் அலை அலையாக அனுப்பிய டிரோன்களை வீழ்த்தியவற்றில் எல்-70 பீரங்கியும் ஒன்று. நம் ராணுவத்துக்கு 1960களில் வந்தது. யாரோ ஒருவர் அதற்கு ராடாரும் கேமராவும் பொருத்தும் ஃபைலை நகர்த்தியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாது, ஆனால் அவர் மீது எனக்குப் பொறாமை உண்டு.

பதினைந்தாவது நிதிக் கமிஷன், 2021-26 காலத்துக்காக, பாதுகாப்புக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரே நவீனமயமாக்கல் நிதி வேண்டும், தொகை சுமார் 2.38 லட்சம் கோடி, மார்ச் 31ல் காலாவதி ஆகக் கூடாது என்று பரிந்துரைத்தது. கொள்கையளவில் ஏற்பதாக அரசும் சொன்னது. நண்பர் அடுத்த கேள்வி கேட்பதாக இருந்தால் அந்த நிதி என்ன ஆயிற்று என்று கேட்கட்டும். நம் எம்.பி.க்கும் எழுதிக் கேட்கலாம். கடிதத்தை நான் வரைந்து வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் காபிக்குப் போகுமுன் என்னிடம் வாருங்கள்.