ஊர்ப் பெயரும் ஆங்கில எழுத்தும்

ஓர் ஊரின் பெயர் தபால் உறையில் எழுதப்படும் ஒரு வரி மாத்திரமன்று. ஒருவர் எங்கே பிறந்தார் என்பதற்குச் சான்றாக நிற்பதும் அதுவே. அப்பெயரை ஆங்கிலத்தில் எழுத நேரும்போது எது சரி, எது பிழை என்ற ஐயம் பலருக்கு எழுகின்றது.

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையிலே, கடனீரேரிக்கு அருகில் அமைந்த முந்தல் என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். தமிழில் அதற்கு ஒரே வடிவந்தான். ஆங்கிலத்திலோ, அதன் ஈற்றயல் எழுத்தாக 'ஏ' என்பதை இடுவோர் உளர். 'ஈ' என்பதை இடுவோரும் உளர். சிங்கள வழக்கைப் பின்பற்றி, 'முந்தலம' என்று எழுதுவோரும் உளர். அயலூராகிய உடப்பும் சிலர் கையில் உடப்புவ ஆகின்றது.

இதனால் என்ன கேடு என்று வினவலாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் வேறு விதமாகவும் பிறந்த ஊர் எழுதப்பட்டால், இரண்டும் ஓரூரே என்று நிலைநாட்டும் சுமை விண்ணப்பகாரருக்கு உரியதாகின்றது. கிராம உத்தியோகத்தரிடமும், சத்தியக் கடதாசி முடிப்பவரிடமும் அவர் அலைய வேண்டியும் வரலாம். ஆகவே ஆங்கிலத்தில் நிலைத்த வடிவம் பெறாத சிற்றூர்களுக்கு விதி ஒன்றே: முதற் பத்திரத்தில் எவ்வெழுத்துகள் உள்ளனவோ, அவற்றையே எல்லாப் பத்திரங்களிலும் எழுதுதல் வேண்டும்.

நெடுங்காலமாக ஆங்கிலத்தில் வேரூன்றிய பெயர்களின் நிலை வேறு. சிலாபத்தைச் 'சிலோ' என்றும், யாழ்ப்பாணத்தை 'ஜஃப்னா' என்றும் ஆங்கிலத்தில் எழுதுவது பிழையன்று. ருஷ்யர் தம் தலைநகரை 'மஸ்க்வா' என்கின்றனர். ஆங்கிலேயர் 'மாஸ்கோ' என்கின்றனர். அவரவர் மொழியில் அவரவர் வழக்குச் சரியே. தமிழ்நாட்டரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழொலிக்கு ஏற்ப மாற்றும் ஆணையொன்றை 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்டது. கோயம்புத்தூர், வேலூர் முதலிய பழகிய பெயர்களின் புதிய கூட்டல்கள் கண்டனத்துக்கு உள்ளாயின. ஆணை அம்மாதத்திலேயே மீளப் பெறப்பட்டது. நோக்கம் நல்லதாயினும், எழுத்து வழக்கை ஒரே நாளில் மாற்றுதல் எளிதன்று.

இனி, பெயரே மாறிவிட்ட ஊர்கள் உள. இதற்கு ருஷ்ய நாட்டு நகரம் ஒன்றே தக்க சான்று. மகா பீட்டர் 1703இல் நிறுவிய அந்நகருக்குச் சென்ற் பீட்டர்ஸ்பர்க் என்று பெயர். முன்னுள்ள 'சென்ற்' புனிதர் என்று பொருள்படும். பெயர் மன்னரைக் குறித்ததன்று, அவருடைய காவற் புனிதராகிய பேதுருவைக் குறித்தது. ஆதலால் ஆங்கிலத்தில் அச்சொல்லை விட்டெழுதுவது முறையன்று. ஜெர்மனியுடன் போர் மூண்ட 1914இல், ஜெர்மன் ஒலி தொனித்த அப்பெயர் பெத்ரோகிராட் ஆயிற்று. 1924இல் லெனின்கிராட் ஆயிற்று. 1991இல் பழைய பெயரே மீண்டது. இன்று அந்நகரைச் சென்ற் பீட்டர்ஸ்பர்க் என்றே வழங்குதல் வேண்டும். ஆயின் 1941 முதல் 1944 வரை பசியோடும் பகையோடும் போராடியது லெனின்கிராட்; அவ்வரலாற்றை எழுதுங்கால் அக்காலப் பெயரே பொருந்தும். இலங்கையும் இவ்வாறே: 1972இல் ஆங்கிலத்தில் 'சிலோன்' என்ற பெயர் 'சிறீ லங்கா' ஆயிற்று, எனினும் 1948இல் சுதந்திரம் பெற்றது 'சிலோன்' என்ற பெயருடைய நாடே. சந்தையில் அதன் தேயிலை இன்றும் அப்பழம் பெயரைத் தாங்குகின்றது.

இவை யாவும் ஆங்கிலம் எழுதுவோர்க்கு உரிய விதிகள். தமிழ் எழுதுவோர்க்கு உரியதும் ஒன்றுண்டு. ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து முந்தலை 'முண்டெல்' என்றும், கற்பிட்டியைக் 'கல்பிட்டிய' என்றும் தமிழிலே எழுதும் வழக்கம் இப்போது தலைகாட்டுகின்றது. ஆங்கில எழுத்தில் நேரும் பிழையை ஒரு சத்தியக் கடதாசி திருத்திவிடும். ஓரூரார் தம் ஊர்ப்பெயரைத் தம் மொழியிலேயே மறந்தாராயின், அதனைத் திருத்தும் பத்திரம் எந்தக் கச்சேரியிலும் இல்லை.