தரையைப் பிரித்தறியும் ரேடார்



இப்போது என் குரலை உங்களிடம் கொண்டுவருவது வானொலி அலை. அது போகிற வழியில் விமானம் ஒன்று குறுக்கிட்டால், அதன் உலோக உடல் அந்த அலையைக் கொஞ்சம் எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். 1935 பிப்ரவரி 26 அன்று, இங்கிலாந்தின் டாவென்ட்ரி அருகே ஒரு வயல்வெளியில் இதைச் சோதித்தார்கள். அலை, பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பிலிருந்து வந்தது. அலைநீளம் 49 மீட்டர். நேராக வரும் அலை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி இரண்டு ஆண்டெனாக்களை அமைத்தார்கள். ஹேஃபோர்ட் குண்டுவீச்சு விமானம் பறந்தபோது, அது சிதறடித்த அலை மட்டும் கருவியில் தெரிந்தது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவுவரை தெரிந்தது.

இதில், சோதனையை முன்னின்று நடத்திய வாட்சன்-வாட்டின் பெயரையே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் விமானத்தின் இறக்கை அலைநீளத்தில் பாதியளவு இருந்தால் அதுவே ஆண்டெனாபோல் இயங்கும் என்று கணக்குப் போட்டவர் அர்னால்ட் வில்கின்ஸ். அவரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இப்படிச் சிதறும் அலையைக் கொண்டு விமானத்தைக் கண்டறியும் ரேடாருக்கு, வானத்தைவிடத் தரைதான் பெரிய சிக்கல். பிரிட்டனின் கடலோரத்தில் அமைந்த செயின் ஹோம் ரேடார்களுக்குத் தாழ்வாக வந்த விமானங்கள் தெரியவில்லை. நேராகப் போகும் அலையும், தரையிலோ கடலிலோ பட்டுத் தலைகீழாகத் திரும்பும் அலையும் விமானத்தை ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடைந்து ஒன்றையொன்று அழித்துவிடும். அலைநீளம் குறைந்தால் இந்தச் சிக்கலும் குறையும். அதனால்தான், தாழ்வாக வரும் விமானங்களுக்கான செயின் ஹோம் லோ நிலையங்களில் அலைநீளத்தை ஒன்றரை மீட்டராகக் குறைத்தார்கள்.

அடுத்தது, குன்றும் மரமும் தரும் எதிரொலி. விமானத்தின் எதிரொலியைவிட அது பல மடங்கு வலுவானது. அதிலிருந்து விமானத்தைப் பிரித்தெடுக்க அதன் ஓட்டமே உதவுகிறது. 10 சென்டிமீட்டர் அலையை அனுப்பும் ரேடாரை நோக்கி, நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் விமானம் வந்தால், எதிரொலியின் அதிர்வெண் 2000 ஹெர்ட்ஸ் கூடும். அந்த மாற்றத்தை ஒலியாக்கினால் காதாலேயே கேட்கலாம்! தரைக் கண்காணிப்பு ரேடார்கள் சிலவற்றில் ஹெட்போன் வழியாகவே, வருவது வண்டியா, நடந்துவரும் மனிதனா என்று கண்டுபிடித்தார்கள். வண்டியின் ஒலி சீராக இருக்கும். நடப்பவரின் கைகால் வீச்சில் அது ஏறி இறங்கும்.

காற்று வீசினால் மரக்கிளைகளும் அசைந்து அதிர்வெண்ணை மாற்றும். அதனால் மெல்ல நகரும் பொருளைக் காட்டுக்குள் பிரித்தறிவது இன்றும் கடினம். விமானம் ரேடாரை நெருங்காமலும் விலகாமலும் குறுக்காகப் பறந்தால், அந்தக் கணத்தில் அதிர்வெண் மாறவே மாறாது. எவ்வளவு வேகமாகப் பறந்தாலும், அப்போது அது குன்றோடு குன்றாகவே கணக்கில் சேரும்.