பல குரல்களுள் ஒரு குரல்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி முழங்குகிறது, மேளம் அதிர்கிறது, வணிகர்கள் கூவுகிறார்கள். இவற்றிற்கிடையே அருகில் நிற்கும் நண்பனின் பேச்சை நாம் விளங்கிக் கொள்கிறோம். செவிக்குள் புகுவது ஓசைகளின் கலவையே. அதனின்று ஒரு குரலைப் பிரித்தெடுப்பது மூளை.

இதனை முறையாக ஆராய்ந்தவர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த காலின் செர்ரி. அவர் தம் ஆய்வை 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு செவியில் ஒரு பேச்சையும் மறு செவியில் வேறொரு பேச்சையும் ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். அவ்வாறே சொன்னார்கள். மறு செவியில் பேசியது ஆண்குரலா பெண்குரலா என்பது தெரிந்தது, பொருள் தெரியவில்லை. அப்பேச்சு இடையில் ஆங்கிலத்திலிருந்து செருமானிய மொழிக்கு மாறியதைக்கூட அவர்கள் உணரவில்லை. ஆயினும் கதவு முற்றிலும் அடைபடுவதில்லை. கவனியாத செவியில் தம் பெயர் ஒலித்தபோது சிலர் அதனைக் கண்டுகொண்டனர் என்று 1959-இல் நெவில் மோரே காட்டினார்.

மூளை இதனை எங்ஙனம் செய்கிறது? ஓசை இரு செவிகளையும் வந்தடைவதில் உள்ள நுண்ணிய கால வேறுபாடு திசையைக் காட்டுகிறது. சுருதி, ஆளை அடையாளம் காட்டுகிறது. மொழியறிவு, விடுபட்ட சொல்லை நிரப்புகிறது. 2012-இல் மெஸ்கரானி, சாங் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், வலிப்பு நோய் மருத்துவத்திற்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களிடம் ஆய்வு செய்தனர். இரு குரல்கள் ஒருங்கே ஒலித்தபோதும், கவனித்த குரலே மூளையின் செவிப்புலப் பகுதியில் மேலோங்கிப் பதிந்தது.

இத்திறனுக்கு எல்லை உண்டு. பேரோசையில் கேட்பதற்கே மூளை உழைத்தால், கற்பதற்கு ஆற்றல் குறைகிறது. பிள்ளைகளிடமோ இத்திறன் வளரிளம் பருவம்வரை படிப்படியாகவே முதிர்கிறது.

நியூயார்க் நகரில் மேம்பாலத் தொடர்வண்டிப் பாதையை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியல் அறிஞர் தம் சக ஆய்வாளருடன் 1975-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். பாதையை நோக்கிய வகுப்பறைகளில் பயின்றோர், அமைதியான மறுபுறத்தில் பயின்றோரைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். பின்னர்த் தண்டவாளத்தின்கீழ் இரப்பர் அடைகள் இடப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் ஒலியுறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981-இல் வெளிவந்த மறு ஆய்வில் அவ்வேறுபாடு மறைந்திருந்தது. குறை பிள்ளைகளிடம் இல்லை. அவர்களைச் சூழ்ந்த ஓசையில் இருந்தது!

நண்பர்களே, ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சியும் தெரு ஒலிபெருக்கியும் ஒலிக்கப் படிக்கும் நம் பிள்ளையை "மந்தபுத்தி" என்று யாரேனும் சொன்னால், இதனை எடுத்துச் சொல்லுங்கள். தேர்வுக் காலத்தில் நம் தெருவின் ஒலிபெருக்கியை நாமே நிறுத்துவோம். வகுப்பில் கேட்கத் தடுமாறும் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தச் சொல்வோம். செவியையும் மருத்துவரிடம் காட்டுவோம். ஊர்தோறும் மாலை நேரத்தில் அமைதியான படிப்பறை ஒன்றைத் திறப்போம். இவற்றுள் பலவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை, ஒற்றுமையே தேவை.

ஆசிரியரின் ஒரு குரல் நம் பிள்ளையின் மூளையைச் சென்றடைய வழிவிடுவோம்.